சாமுண்டி மலையில் இரண்டு பிடிவாதங்கள்

காலை ஏழரை மணிக்கு மைசூர் அக்ரஹாரத்தில் ஆட்டோ ஏறினோம். ஐந்தரைக்கே ஏறியிருக்க வேண்டும். கோடையில் மலையேறுகிறவன் வெயில் வருவதற்குள் முக்கால் மலையை முடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. என் தங்கை ஜானகியின் பூஜை அறையில் அந்தக் கட்சிக்கு ஓட்டு விழவில்லை. நான் ஷூவை மாட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற கோடையில் ஜவ்வாது மலையில் ஓர் ஏற்றத்தில் வெப்பம் தாங்காமல் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கிடந்தேன். செய்தி கேட்ட ஜானகி, அண்ணன் பிழைத்து எழுந்தால் சாமுண்டி மலையின் ஆயிரம் படிகளுக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். மைசூரில் இது வழக்கம்தான். ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் தடவி, குங்குமம் வைத்த பிறகே அடுத்த படி. போதாததற்கு, மேலே அம்மனைப் பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருந்தாள். வெயிலில் விழுந்தவனுக்காக வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஏறுவதாம்! எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. எரிச்சலுக்கு அடியில் இருந்தது பயம்.

ஆட்டோ ஓட்டியவர் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரர். நாங்கள் தமிழில் சண்டை போடுவதைக் கேட்டுத் திரும்பினார். “நேத்துச் சாயங்காலம் மழை பேஞ்சுதுங்க. இன்னைக்குப் புழுங்கித் தள்ளிப்போடும். சுருக்கா ஏறிருங்க” என்றார். நூற்றிருபது ரூபாய் வாங்கிக்கொண்டு அடிவாரத்தில் இறக்கிவிட்டார். சென்னைக்காரனுக்கு மைசூர்ப் புழுக்கம் ஒரு பொருட்டா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

என் ஏற்பாடுகள் பக்காவாக இருந்தன. வியர்வை சட்டென்று உலரும் தளர்வான சட்டை, அகல விளிம்புத் தொப்பி, கழுத்தில் மாட்டும் குட்டி மின்விசிறி, நனைத்துப் பிழிந்து பிடரியில் போட ஒரு துண்டு, இரண்டு பாட்டில் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி. ஜானகி பழைய நூல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கிண்ணங்களோடு முதல் படியில் குனிந்தாள்.

அவள் பத்துப் படி ஏறுவதற்குள் நான் நாற்பது ஏறி, இறங்கி வந்தேன். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது, அது பிறவிக் கோளாறு. மேலே போய் நிழல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். உடனே, அவள் முகம் சிவந்துவிட்டதா, வியர்வை நின்றுவிட்டதா என்று பார்க்கக் கீழே ஓடி வருவேன். விழுந்தவன் என்பதால் அறிகுறிகள் எனக்கு அத்துப்படி. கடைசியில் ஒரு யோசனை சொன்னேன்.

“நான் மேலேருந்து வச்சுண்டே வரேன். நீ கீழேருந்து வா. நடுவுல சேர்ந்துக்கலாம். பாதி நேரத்துல முடிஞ்சுடும்.”

“அம்மனுக்கு முதுகைக் காட்டிண்டு இறங்குவியா? அதெல்லாம் பேடா. சும்னிருண்ணா” என்றாள். கல்யாணமாகி மைசூர் வந்து முப்பது வருஷமாகிறது. கோபம் வந்தால் வேண்டாம் ‘பேடா’ ஆகும், சும்மா இரு ‘சும்னிரு’ ஆகும், பாதி கன்னடம்தான்.

ஒன்பதரை மணிக்கு மரங்களுக்கிடையே காற்று சுத்தமாக நின்றுபோயிற்று. நேற்றைய மழை மண்ணிலிருந்து ஆவியாக எழுந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. காற்றில் ஈரம் அப்படி இருந்தால் எந்தத் துணியும் உலராது. விசிறி சூட்டையே திருப்பித் திருப்பி முகத்தில் வீசியது. கீழே ஊர் மங்கலாகத் தெரிந்தது. நான் பாட்டிலை நீட்டினேன். ஜானகி தலையாட்டினாள்.

“நீ குடிக்கலைன்னா நானும் குடிக்கப் போறதில்லை” என்றேன்.

“உன் இஷ்டம்.”

அங்கேதான் புத்தி கெட்டுப்போனது. எங்கள் வீட்டில் சாப்பாட்டுச் சண்டைகள் எல்லாமே இப்படித்தான் நடக்கும். ஒருத்தர் பட்டினி கிடந்தால் மற்றவர் எதிர்ப்பட்டினி. பையில் இரண்டு பாட்டில் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, அவளை மடக்க வேண்டும் என்று நான் குடிக்காமல் இருந்தேன். ஏறி இறங்குவதையும் நிறுத்தவில்லை.

அவளோ தன் போக்கில் வந்தாள். நிழல் வந்தால் கொஞ்சம் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கினால் நின்றாள்.

பதினொரு மணி தாண்டி நந்தி சிலை தெரிந்தது. இளநீர்க் கடை ஒன்று இருந்தது. விலை ஐம்பது ரூபாய். அவளுக்கு ஒன்று வெட்டச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. காதுக்குள் இரைச்சல், பின்மண்டையில் குத்தல், புல்லரிப்பு. ஜவ்வாது மலையில் வந்த அதே வரிசை. படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேனா, சரிந்தேனா என்று ஜானகியைத்தான் கேட்க வேண்டும்.

அவள் கிண்ணங்களை வைத்துவிட்டு ஓடி வந்தாள். கடைக்காரரும் அவளுமாக என்னை மர நிழலுக்கு நகர்த்தினார்கள். ஷூவைக் கழற்றி, தலையிலும் கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீரை ஊற்றி, முந்தானையால் விசிறினாள். தலை கொஞ்சம் தெளிந்தது. பிறகு பாட்டிலை என் வாயருகில் கொண்டுவந்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. “நீ முதல்ல” என்றேன்.

“சாகப் போறப்பவும் ஹடமா? இந்தப் பிடிவாதமா?” என்று அழுதாள். “வேண்டிண்டதே நீ பொழைக்கணும்னுதான். நீ இங்கே விழுந்தா நான் யாருக்காகப் பொட்டு வைக்கறது?”

சொல்லிவிட்டு, மலையுச்சியைப் பார்த்து ஒருமுறை கைகூப்பி, பாட்டிலைத் தூக்கி மடமடவென்று குடித்தாள். மஞ்சள் கை பாட்டிலெல்லாம் ஒட்டியது. அதே பாட்டிலை என்னிடம் கொடுத்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஜெயித்த வெட்கம்.

ஒரு மணி நேரம் படுத்திருந்தேன். கடைக்காரர் உப்புப் போட்ட மோர் கொடுத்தார். சாலை வழியாக ஆட்டோவில் மேலே போய்விடு என்றாள் ஜானகி. நான் வெறுங்காலோடு எழுந்து குங்குமக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். அவள் மஞ்சள், நான் பொட்டு. அவளைத் தாண்டி ஒரு படிகூட ஏற முடியாத வேலை. நிழலுக்கு நிழல் உட்கார்ந்து, இரண்டு பேரும் மடக்கு மடக்காகக் குடித்து, கோயில் வாசலுக்கு வந்தபோது நடை சாத்தியிருந்தது. மறுபடி திறக்கும்வரை காத்திருந்தோம். நான் எழுந்து அங்குமிங்கும் நடக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சென்னை ரயிலைப் பிடித்தேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிப் பாலம் வரும்போது போன் அடித்தது.

“தண்ணி குடிச்சியாண்ணா?”

“ம். நீ?”

“ம்.”

எனக்கு அவளைத் தெரியும், அவளுக்கு என்னைத் தெரியும். நான் பாட்டிலின் மூடியைத் திறந்தேன். அந்தப் பக்கம் சொம்பு எடுக்கும் சத்தம் கேட்டது. பாலம் முடியும்வரை இருவரும் குடித்தோம்.