விஷமம் என்று வாசித்தது நான்தான்

அக்கா இல்லாத முதல் வருடம் முடிகிறது. நினைவு மலரில் நீயும் எழுது என்று வீட்டார் சொன்ன நாளிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் உறவினர்கள் பொறுக்க வேண்டும்.

அக்கா பிறந்தது கொச்சியில், மட்டாஞ்சேரியில். அப்பா மிளகுக் கிடங்கில் மூட்டை சுமந்தார். அம்மா சீக்கிரமே போய்விட, என்னையும் பார்த்துக்கொண்டு அக்கா படித்து ஆசிரியையானார். பிறகு இதே ஊர்ப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. எதிரே என் துணி தேய்ப்புக் கடை.

அக்காவிடம் செயலாராய்ச்சி என்று ஒரு வழக்கம் இருந்தது. பெரிய பெயர், நானும் முதலில் பயந்தேன். பள்ளியில் ஏதாவது சரியில்லையென்றால் உடனே உத்தரவு போட மாட்டார். பார்ப்பார், சம்பந்தப்பட்டவர்களைக் கேட்பார், ஒன்றே ஒன்றை மாற்றுவார், மறுபடி பார்த்து எழுதி வைப்பார். அவ்வளவுதான்.

கடைசியாக எடுத்துக்கொண்டது, தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி. பள்ளி டைரியில் ஆசிரியையின் குறிப்பு வீட்டுக்குப் போன மறுநாள் அவர்கள் வருவதில்லை.

"அவர்க்கு படிக்கான் தால்பர்யமில்ல டீச்சரே" என்றார் ஓர் ஆசிரியை. அவர்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லையாம்.

"அது நம்ம நினைப்பு. கேட்டுட்டு எழுதலாம்" என்று அக்கா வீடு வீடாகப் போனார்.

கட்டட வேலை செய்யும் செல்வி, அக்காவிடமே சண்டைக்கு வந்தார். "எம் மக விஷமம் பண்றாள்னு நீங்கதானே டீச்சர் எழுதி விட்டீங்க? அதான் ரெண்டு போட்டேன். ஸ்கூலே வேணாம்னு உக்காந்திருக்கா."

"யாரு வாசிச்சுச் சொன்னது?"

"வேற யாரு, ஒங்க தம்பிதான்."

மலையாள எழுத்து தெரியாதவர்கள் டைரியை என் கடைக்குத்தான் கொண்டுவருவார்கள். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்தால் தப்பாகிவிடுமோ என்ற பயத்தில், உள்ளது உள்ளபடி வாசிப்பேன். "குட்டிக்கு நல்ல விஷமம் உண்டு." இங்கே மலையாளத்தில் அதற்கு, பிள்ளை வருத்தத்தில் இருக்கிறாள் என்று பொருள். அவர்கள் காதுக்கு அது சேட்டை. ஏற்கெனவே வருந்திக்கொண்டிருந்த பிள்ளைகள், என் வாயால், அடியும் வாங்கினார்கள்.

"இத உன் அறிக்கையில எழுதாதக்கா, ஊரே சிரிக்கும்" என்று கெஞ்சினேன்.

"துணிய மட்டும் திருப்பித் திருப்பித் தேய்க்கிறியே, ஒரு வார்த்தைய திருப்பிச் சொல்லத் தெரியாதாடா?" என்று சிரித்தார். எழுத மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

குறிப்புகள் தமிழிலும் போகத் தொடங்கின. பலன் என்ன என்று பார்ப்பதற்குள் அக்காவுக்கு நெஞ்சுவலி. எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் மூன்றே நாள். அதன் பிறகுதான் ஆசிரியைகள் அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "வாசித்துச் சொன்னவர்மேல் குறையில்லை. தமிழ் வீட்டுக்குத் தமிழில் எழுதாத தலைமையாசிரியையின் குறை இது." பலனை எழுத வேண்டிய கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. எனக்கோ ஒரே நினைப்புதான். செல்வியின் மகள் மறுபடி பள்ளிக்குப் போனாளா, இல்லை என்னைப் போல நின்றேவிட்டாளா? கேட்கவும் பயம்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் செல்வி தனியாக வந்தார். கடைசியில் கேட்டுவிட்டேன்.

"மக வரலியாம்மா?"

"கூப்பிட்டேண்ணே. லீவு போட மாட்டாளாம். ஸ்கூலுக்குப் போயிட்டா."

அக்காவின் பள்ளி ஆசிரியைகளை அழைத்து, அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்கும், அந்த நாட்களில் எங்களைத் தாங்கிய அண்டை வீட்டாருக்கும், அன்று வராமலிருந்த அந்தப் பிள்ளைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.