ஹமீது பாய் தனியாக எடுத்துவைத்த படங்கள்

மூன்றாவது பீரியட் நடந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. வகுப்பில் நான் போன் எடுப்பதில்லை. ஹமீது பாயின் மனைவி ஜெய்னப் அக்காவின் பெயரைப் பார்த்ததால் வராந்தாவுக்கு வந்தேன்.

"டீச்சர், அவரு மவுத்தாயிட்டாரு. காலையில எழுப்பினேன், எழுந்திருக்கல. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்."

ஹமீது பாய் போய்விட்டார் என்பது மனதில் இறங்குவதற்கு முன்பே அந்தக் கடைசி வாக்கியம் இறங்கிவிட்டது. எனக்குத்தான் முதலில் சொல்கிறார், வித்யாவுக்கு இல்லை. அப்படி ஒரு நேரத்தில் எனக்குள் எழுந்த திருப்தியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சேலையூர் கேம்ப் ரோட்டில் அவர் கடையில் சிடி வாடகைக்கு எடுத்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு சிடியையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கீறல் இருந்தால் கொண்டுவந்தவரைவிட அவரே அதிகம் வருத்தப்படுவார். நான் பள்ளி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வாரத்துக்கு இரண்டு படம் எடுப்பேன். என் கணவருக்குக் கிரிக்கெட் போதும். படம் பார்ப்பது என் தனிச் சொத்து.

ஒருநாள் ஒரு படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது எரிச்சலில் கேட்டேன். "பாய், இதுலயும் கடைசியில லவ்வா? ஒரு ஆம்பளையும் பொம்பளையும் சேர்ந்து ஒரு வேலை செஞ்சா லவ் பண்ணித்தான் ஆகணுமா?"

"இன்னா டீச்சர், பேஜாரான கேள்வி கேக்கறீங்க," என்றார். "நாம ரெண்டு பேரும் இப்ப பேசிகினு கீறோம். இத்த எவனாவது படமா எடுப்பானா? எடுக்க மாட்டான். ஆனா எங்கியாவது எடுத்திருப்பான். தேடறேன்."

தேடினார். பத்து நாள் கழித்து ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்தார். வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஒரு லாரி டிரைவரும் ஒரு நர்ஸும். இரண்டரை மணி நேரம் சண்டை போட்டுக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்து, அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் நான் அவர் முன்னால் நின்று கதையை முதலிலிருந்து சொன்னேன். பார்த்த படத்தையே அவர் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

அன்றிலிருந்து ஆணும் பெண்ணும் காதலிக்காத படங்களுக்கென்று கடை அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்கினார். விதிகளும் வகுத்தோம். அண்ணன் தங்கை கதை செல்லாது, அது சொந்தம். டூயட் இருந்தால் செல்லாது. "கடைசி சீன்ல போறவ திரும்பிப் பாத்துட்டா அவுட்டு," என்பது அவர் விதி. நான் பார்த்துச் சரி என்று சொன்ன படத்தின் உறையில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுவார். 'டீச்சர் பாஸ்' என்று எழுதியிருக்கும். நான்கு வருடத்தில் அந்தத் தட்டில் முப்பது படம்கூடச் சேரவில்லை. எப்பப் பார்த்தாலும் பாய் கடையில் உனக்கு என்ன வேலை என்று பள்ளியில் ஒருத்தி கேட்டாள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

பிறகு வித்யா வந்தாள். கோவிலம்பாக்கத்துப் பெண், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. யாரோ சொல்லி இந்தத் தட்டைத் தேடிக்கொண்டு சனிக்கிழமைகளில் ஸ்கூட்டியில் வருவாள். அவளிடம் இல்லாத படம் இல்லை. கொரியா, ஈரான் என்று பை நிறையக் கொண்டுவந்து பாய்க்குக் கொடுப்பாள். ஒரு மாலை அந்தத் தட்டில் ஒரு புதுச் சீட்டைப் பார்த்தேன். 'வித்யா பாஸ்'. அதே பேனா, அதே கையெழுத்து.

அடுத்த சனிக்கிழமை நான் இருக்கும்போதே அவள் டூயட் விதியைப் பிடித்துக்கொண்டாள். "புரொட்யூசர் கேட்டான்னு நடுவுல ஒரு பாட்டு வைக்கிறாங்க. அதுக்காக மொத்தப் படத்தையும் தள்ளிடுவீங்களா அக்கா? ஓட்டி விட்டுட்டுப் பாருங்க."

பாய் தலையாட்டினார். "அதுவும் கரெக்டுதானே டீச்சர்?"

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். காதல் இருக்கும் இடத்தில்தான் பொறாமை இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் மேல் எனக்குக் காதல் இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை ஜெய்னப் அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே எழுதுகிறேன். அவர் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுப்பவர். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் சாக்கில் அவரிடம் போனேன். அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "தப்பா நினைக்காதீங்க அக்கா. அந்த வித்யா பொண்ணு சனிக்கிழமையானா கடையிலயே இருக்கு. பாக்கிறவங்க நாலு விதமா பேசுவாங்க. நீங்க கொஞ்சம் கவனிச்சுக்குங்க."

அக்கா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தங்க இதே மாதிரி வந்தாங்க டீச்சர். உங்களப் பத்திச் சொன்னாங்க. டீ போட்டுக் குடுத்து அனுப்பிட்டேன்," என்றார். "உக்காருங்க. டீ போடறேன்."

அந்த டீயை முழுக்கக் குடித்தேன். எழுந்து ஓட வழியில்லை.

மூன்று மாதம் கடைப் பக்கம் போகவில்லை. பேருந்தில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தேன். பிறகு ஒருநாள் மழைக்கு ஒதுங்குவதுபோல ஒதுங்கினேன். ஏன் வரவில்லை என்று பாய் கேட்கவே இல்லை. "ரெண்டு படம் முடிவு தெரியாம கெடக்குது டீச்சர். அந்தப் பொண்ணு பாஸுன்னுது, எனக்கு டவுட்டா கீது," என்று சொல்லி இரண்டு சிடியை எடுத்து வைத்தார்.

ஒன்றைப் பாஸ் செய்தேன். மற்றதும் நல்ல படம்தான். வித்யாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது என்று தெரிந்ததால் ஃபெயில் என்றேன். காரணம் கேட்டார். நான் சொன்ன காரணம் எனக்கே ஒப்பவில்லை. அவர் சீட்டை எழுதாமல் பேனாவை மூடி வைத்தார்.

"மார்க்கு போடறப்ப பேப்பரைப் பாருங்க டீச்சர். பேரைப் பாக்காதீங்க."

ஆசிரியையான எனக்கு வேறு யாரும் அதைச் சொன்னதில்லை. அந்தப் படத்தை மறுபடி வாங்கிப் போய்ப் பார்த்துப் பாஸ் என்றேன். அதற்குப் பின் மூன்று பேரும் வாதாடிக் கழித்த சனிக்கிழமைகள் பல. பொறாமை குறைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அவள் பேசும்போது அவர் சிரித்தால், நான் அதைவிட நன்றாக ஏதாவது சொல்லத் தேடுவேன்.

அடக்கத்தன்று ஆண்கள் பாயின் உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு, பெண்கள் இருந்த அறையில் வித்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. எனக்கு அழுகையே வரவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஜெய்னப் அக்காவிடம் போனதை, என்ன சொன்னேன் என்பதை.

"பாய்க்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அக்கா சொல்லலை."

"நல்லதாப் போச்சு," என்றாள். என் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. ஆண்கள் திரும்பி வரும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

எங்காவது ஓர் ஆணும் பெண்ணும் நின்று பேசிக்கொண்டிருந்தால், இப்போதெல்லாம் என்ன பேசுகிறார்கள் என்றுதான் என் காது போகிறது. ஒருவருக்கொருவர் என்ன முறை என்று மனம் துருவுவதில்லை. அது ஹமீது பாய் எனக்குக் கொடுத்தது. பொறாமை மட்டும் என்னுடையது. அதையும் நான் தூக்கிப் போடப் போவதில்லை.