கற்பூரம் மணத்த பால்

இருந்தவர்கள் மூன்று பேர்: அப்பா, நான், பக்கத்து வாடகை வீட்டு டைரக்டர் தாத்தா. இல்லாதவர்கள் அம்மாவும் பண்ணை மேஸ்திரியும். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டாள். மேஸ்திரி மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். அதனால்தான் நாங்கள் போனோம்.

மத்திகிரியில் ஒரு முதலாளியின் மாட்டுப் பண்ணையில் அப்பாவுக்குப் பால் கறக்கும் வேலை. பால் கேன்களை வைக்க அங்கே ஒரு குளிர் அறை இருந்தது. என் பையில் புத்தகங்களுக்குப் பதிலாக ஒரு தகர டப்பா. எங்கள் வம்சத்திலேயே முதல் புத்தகப் பை அது. கேட்டில் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவு மரியாதை.

டப்பாவில் இருந்தது ஒரு சினிமாச் சுருள். தாத்தா ஊமைப்பட காலத்து டைரக்டர். பெங்களூரில் பதினோரு படம் எடுத்தவர். சின்னக் கம்பெனி என்பதால் கேமராவின் கைப்பிடியைச் சுற்றியவரும் அவரே. "என் படத்துல யாரும் பேசல. பேச ஆரம்பிச்சதும் என்னை யாரும் கூப்பிடல" என்பார். மற்ற படங்களையெல்லாம் ஃபிலிமில் இருக்கும் வெள்ளிக்காக யாரோ வாங்கிப்போய்க் கரைத்துவிட்டார்கள். மிஞ்சியது இந்த ஒரு சுருள். அந்த வருஷத்து வெயிலில் அதுவும் பிசுபிசுக்கத் தொடங்கியிருந்தது. குளுமையில் வைத்தால் பிழைக்கும் என்றார் தாத்தா. குளுமைக்கு அப்பா வழி சொன்னார்.

கேன்களுக்குப் பின்னால் டப்பாவை வைக்கும் வேலை எனக்கு. அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூடியைத் திறந்து பார்த்தேன். அதை மறுபடி அழுத்தி மூடாதது நான்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பால் எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். பீடி குடித்தால் வாய் கொப்பளிக்காமல் கேன் பக்கம் போகமாட்டார் அப்பா. அவருக்கே அன்று அது தோன்றவில்லை. அந்தக் காலத்து ஃபிலிமில் கற்பூரம் சேர்ப்பார்களாம். மறுநாள் காலை டீக்கடைக்காரர் பாலைத் திருப்பிக்கொண்டு வந்தார். "என்னாய்யா இது, பாலா, பெருமாள் கோயில் தீர்த்தமா?"

மேஸ்திரி தேடி டப்பாவை எடுத்தார். மூடியைச் சரியாகப் போடாதது தான்தான் என்று அப்பா ஒத்துக்கொண்டார். நாற்பது லிட்டர் பால் சாக்கடையில் போனது.

சுருள் வீட்டுக்குத் திரும்பிய அன்று மாலை, தாத்தா அதை எங்கள் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். ஒரு பெண், இடுப்பில் குடத்தோடு, நேராக எங்களைப் பார்த்து வாயைத் திறந்திருந்தாள். அவருடைய சம்சாரம்.

"என்னமோ சொல்றா. செகண்டுக்கு ரெண்டு சுத்துன்னு நான் எண்ணிக்கிட்டிருந்தேன், காதுல விழல. ஃபிலிமைக் கழுவிப் பாத்துட்டு அவகிட்டயே கேக்கலாம்னு இருந்தேன். கழுவி வர்றதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டா."

"எந்த பாஷைங்க பேசுவாங்க?" என்றார் அப்பா.

"அவ பொறந்த ஊட்ல தெலுங்கு. என்கிட்ட தமிழ். கோவம் வந்தா கன்னடம்."

அப்பா தெலுங்குக்குப் பார்த்தார். நான் தமிழுக்குப் பார்த்தேன். இருவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சுருளை வாங்கி வெகுநேரம் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கன்னடந்தாங்க. ஊட்டா ஆயித்தா, சாப்பிட்டாச்சான்னு கேக்குறாங்க."

தாத்தா சிரித்தார். "காலையிலிருந்து நான் சாப்பிடல அன்னிக்கு. அதான் கோவம்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் துடைத்தார்.

எனக்கு ஏமாற்றம். இவ்வளவு பாடுபட்டதற்கு ஏதாவது பெரிய வசனமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அம்மாவுக்கு உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கத் தெரியும் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்தேன். அசையாத படத்தில் எந்த உதட்டையும் யாராலும் படிக்க முடியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மாசக் கடைசியில் அப்பா சம்பளக் கவரோடு வந்தார். பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி கதவைச் சாத்திவிட்டுத்தான் அம்மா கேட்டாள், எவ்வளவு பிடித்தார்கள் என்று.

நூற்று இருபது ரூபாய்.