வெந்த பச்சை

பெங்களூர் ஸ்ரீராம்புரம் வீட்டு மொட்டைமாடியில், துணி காயப்போடும் கம்பியில், ஒரு காலத்தில் மீன்கள் தொங்கிக்கொண்டிருந்தன. விரல் நீளம் இருக்கும். தொட்டால் காது மடல் போல வளையும். வால் மட்டும் மெல்லியதாக, மூச்சுக்காற்றுக்கே ஆடும். அண்ணன் தன் கையால் வார்த்த ரப்பர் மீன்கள் அவை. எங்கள் சந்துக்குள் வெயில் இறங்க நேரமாகும். மாடிக்கு மட்டும் சீக்கிரம் வந்துவிடும். அந்த முதல் வெயில் மீன்களின் உடம்புக்குள் புகுந்து, பின்னால் இருந்த சுண்ணாம்புச் சுவரில் பச்சையும் மஞ்சளும் பழுப்புமாகச் சின்னச் சின்ன வெளிச்சங்களை நீந்தவிடும். காற்றடித்தால் எல்லா மீன்களும் ஒரே பக்கம் திரும்பும். பொம்மசந்திராவுக்குப் போகும் என் கம்பெனி பஸ் வரும் நேரம் என்று தெரிந்தும், ஈரத்தலையைத் துவட்டியபடி நான் அங்கேயே நின்றுவிடுவேன். கண்ணை மூடித் திறந்தால் தண்ணீருக்கு அடியில் நிற்பது போலிருக்கும்.

அண்ணன் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க சிக்னலிலும் ஹாரனிலும் கழியும். ஞாயிறு விடியலில் மட்டும், கூட வண்டி ஓட்டும் கன்னட நண்பர் ஒருவரோடு ஓசூர்ப் பக்கத்து ஏரிகளுக்குப் போய்த் தூண்டில் போடுவார். அவர்கள் தேடிப் போவது விராலை. பொய் மீனைத் தண்ணீரில் இழுத்து, அதை நிஜம் என்று விராலை நம்பவைத்துப் பிடிப்பது அவர்கள் முறை. கடையில் வாங்கும் மீன்கள் விராலின் பல்லுக்குத் தாங்கவில்லை என்று, அண்ணன் தானே வார்க்க ஆரம்பித்தார். பால் போல வெளுத்த ஒரு பிளாஸ்டிக் திரவம் டப்பாவில் வரும். அதைச் சின்ன ஏனத்தில் ஊற்றி கரண்ட் அடுப்பில் வைத்தால், முதலில் தயிராகத் திரியும். பிறகு எண்ணெயாகத் தெளியும். தெளிந்த நேரம் பார்த்துக் கலரைச் சொட்டுவிட்டுக் கலக்கி அச்சில் ஊற்ற வேண்டும். வாடை பொல்லாதது என்பதால் மாஸ்க் கட்டிக்கொண்டு மாடியில்தான் செய்வார்.

அண்ணிக்கு வேலை ஒரு மேட்சிங் சென்டரில். பெண்கள் புடவையைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அதற்கு ஒத்துப்போகும் ரவிக்கைத் துணியை அண்ணி எடுத்துத் தர வேண்டும். ராமர் பச்சை, பாசிப்பச்சை, கிளிப்பச்சை, மயில் கழுத்து என்று தட்டுத் தட்டாக அடுக்கிய கடை. அண்ணியின் விரல் யோசிக்காமல் சரியான தட்டுக்குப் போகும். அப்படிப்பட்டவர் தன் வீட்டு மாடியிலேயே ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பச்சையைப் பார்த்தால் சும்மா இருப்பாரா?

"போன வாரம் ஊத்துனது கிளிப்பச்ச. இது பாசிப்பச்ச. ரெண்டும் ஒண்ணுதான்னு யார ஏமாத்துறீங்க?"

"மீனுக்கு இன்னா தெரியும்?" என்பார் அண்ணன்.

"மீனுக்குத் தெரியாதுன்னா கலர் எதுக்கு? வெள்ளையாவே போட வேண்டியதுதானே."

இதைக் கேட்டு நானும் சிரிப்பேன், அண்ணனும் சிரிப்பார். வீடு அப்படி இருந்தது.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அண்ணி உண்டானார். அண்ணன் வார்க்கும் நேரத்தில் அவர் மாடிப்பக்கம் வரக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. அண்ணி கீழே இருந்தபடியே, "இன்னிக்கு இன்னா பச்ச?" என்று குரல் கொடுப்பார். மேலே இருந்து, "நீயே கெஸ் பண்ணு" என்று பதில் வரும்.

ஒரு ஞாயிறு நடுப்பகல். ஏரிக்குப் போகாத ஞாயிறு அது. மேலே அண்ணன் அப்போதுதான் பச்சையைச் சொட்டுவிட்டிருந்தார். கீழே அடுக்களையில் அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்து, நான் படியேறி ஓடிக் கத்தினேன். அண்ணன் கையில் இருந்த குச்சியோடு அப்படியே இறங்கி வந்தார். நாங்கள் இருந்தது இரண்டாவது மாடி. அண்ணியைத் தாங்கிப் படியிறக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஜன்னல் இல்லாத அந்தப் படிக்கட்டின் இருட்டு மட்டும் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை தங்கவில்லை.

டாக்டரம்மா இருவரையும் எதிரில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். சில சமயம் இப்படி ஆகிவிடும், நீங்கள் செய்த எதனாலும் இல்லை, செய்யாத எதனாலும் இல்லை என்றார். இரண்டு தலைகளும் ஆடின. இருவருமே அதை நம்பவில்லை என்பது எனக்கு அன்று தெரியாது.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்." "ம்." "சாவி மாட்டிருக்கேன்." "ம்." ஒரே குடையின் கீழ் நடக்கும் இரண்டு அந்நியர்கள் போல, இடித்துக்கொள்ளாமல் அவ்வளவு ஜாக்கிரதையாக நடந்துகொண்டார்கள். அண்ணி கடைக்குப் போனார், வந்தார். அண்ணன் ஞாயிறுகளில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மழைக்காலத்துப் பெங்களூர் மேகம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது போலிருந்தது. பேசினால்கூடக் குரல் பஞ்சுக்குள் புதைந்து வரும்.

ஒருநாள் அண்ணன் மாடிக்குப் போய்ச் சாமான்களை ஒழித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பச்சை ஏனத்திலேயே இறுகிக் கட்டியாகக் கிடந்தது. ஏனத்தைக் காலி செய்வதற்காக அதை மறுபடி உருக்கி, அச்சில் ஊற்றி, வந்த மீன்களை மற்ற சாமான்களோடு சேர்த்துக் கன்னட நண்பரிடம் கொடுத்துவிட்டார். இனி எனக்கு வேண்டாம் என்றார்.

சில வாரங்கள் கழித்து நண்பர் வீடு தேடி வந்தார். அண்ணனை அவர் 'குரு' என்றுதான் கூப்பிடுவார். போனில் ஒரு படம் காட்டினார். அவர் முழங்கையைவிட நீளமாக ஒரு விரால்.

"அந்தக் கலர்லதான் குரு விழுந்துச்சு. வேற கலரெல்லாம் போட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. அதே கலர் பண்ணிக் கொடு குரு. பேரே பேடா."

வேறு எதுவும் வேண்டாம் என்று கன்னடத்தில் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். மிச்சமிருந்த ஒரே மீனையும் மாதிரிக்கு என்று வைத்துவிட்டுப் போனார். வாலை விரால் கடித்துத் துண்டாக்கியிருந்தது. நான் அதை வாங்கிப் பார்த்தேன். பச்சை என்று சொல்ல முடியாது, தேன் நிறம் என்றும் சொல்ல முடியாது. புது எஞ்சின் ஆயிலை வெயிலில் ஊற்றினால் ஒரு கணம் மின்னுமே, அப்படி ஒரு நிறம்.

முடியாது என்று சொல்லியனுப்பிய அண்ணன், மறு ஞாயிறே மாடிக்குப் போனார். அதன் பிறகு வாரந்தோறும் போனார். பச்சையில் ஒரு சொட்டு பழுப்பு சேர்த்தார். மஞ்சள் சேர்த்தார். ஊசிமுனையளவு கறுப்பு சேர்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. கலர் பாட்டிலின் அடியில் வண்டல் தங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்து, குலுக்கிய பிறகே எடுத்தார். சொட்டு பெரிதும் சிறிதுமாக விழுகிறது என்று, எண்ணுவதை விட்டுவிட்டுச் சின்னத் தராசில் எடை போட்டார். மிச்சத்தைத் திரும்ப உருக்கிப் புதியதோடு கலப்பதை நிறுத்தினார். வார்த்ததையெல்லாம் கம்பியில் தொங்கவிட்டார். நான் பஸ்ஸை மறந்து பார்த்துக்கொண்டு நின்றது இந்த மீன்களைத்தான். போகப்போக, ஒரு தடவை ஊற்றியதும் மறு தடவை ஊற்றியதும் அச்சு அசலாக ஒத்துப்போயின. ஆனால் எதுவும் அந்த வாலறுந்த மீனோடு ஒத்துப்போகவில்லை. அவர் முகத்தைப் பார்க்கும்போது, இது விராலைப் பற்றியதே இல்லை என்று எனக்குத் தோன்றும். கேட்கத் தைரியம் வராது.

ஒரு வேலைநாள் காலையில், வேனை எடுக்கக் கிளம்பும் முன் அண்ணன் மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்க, துவைத்த துணியை எடுத்துக்கொண்டு அண்ணி மாடிக்கு வந்தார். அந்த ஞாயிறுக்குப் பிறகு, அண்ணன் இருக்கும் நேரத்தில் அவர் மேலே வந்தது அதுதான் முதல் தடவை. கம்பி முழுக்க மீன்கள். துணி போட இடமில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பிறகு அடுப்புக்கு மேலே போட்டிருந்த தகர ஷீட் நிழலில் இருந்த வாலறுந்த மீனை எடுத்துக்கொண்டு வெயிலுக்கு நடந்தார். கடையிலும் அப்படித்தான், புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்க்காமல் துணி வெட்டமாட்டார். மீனைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அவர் கன்னத்தில் அந்த நிறம் விழுந்தது.

"இது கலந்த கலர் இல்லீங்க," என்றார். "வெந்த கலர்."

அண்ணன் கம்பியில் இருந்த மீன்களை ஒதுக்கித் துணிக்கு இடம் விட்டார்.

"அன்னிக்கி அடுப்புல இருந்ததா?"

"ம்."

"தெரிஞ்சுதானே இத்தினி நாளா வேகவிடறத விட்டுட்டு மத்ததெல்லாம் கலந்து பாக்குறீங்க?"

அண்ணன் அடுப்பைப் பார்த்தபடியே, "தெரியும்" என்றார்.

கீழே சந்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை அண்ணி காத்திருந்தார்.

"நீங்க எறங்கி வந்தப்பறம் எவ்ளோ நேரம் அடுப்பு எரிஞ்சிச்சு?"

"கரண்ட் எப்ப போச்சின்னே ஞாபகமில்ல."

"படியெறங்கறப்ப போச்சு. ரெண்டாவது வளைவுல. நீங்க என் கையப் புடிச்சி 'பயப்படாத பயப்படாத'ன்னு சொன்னீங்க. உங்க கைதான் நடுங்கிச்சு."

அண்ணன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "இந்த வாடை கீழ வந்திருக்குமோ," என்றார். "அதனாலதானோ…"

"எதனால?"

"புள்ள."

அண்ணி அவரையே பார்த்தார். "டாக்டரம்மா சொன்னாங்களே."

"சொன்னாங்க."

"அய்யோ, இதையா மனசுல வெச்சிட்டிருந்தீங்க?" அண்ணியின் குரல் உடைந்தது. "அதுக்கு மொத நாளு கடையில மேல் தட்டுலேர்ந்து துணிக்கட்டு எறக்குனேன். கனமா இருந்துச்சு. அது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் என்கூடப் பேச மாட்டேங்கிறீங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு அது தெரியவே தெரியாதே," என்றார் அண்ணன்.

நான் ஈரத்துண்டோடு நின்றிருந்தேன். அவர்கள் என்னை மறந்துவிட்டிருந்தார்கள். இருவரும் அழுதார்கள். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை. துணி வாளியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி, தரையில் ஒரு சின்ன ஏரி போலப் பரவி, அதில் தலைகீழாக மீன்கள் ஆடின. நான் சத்தமில்லாமல் படியிறங்கினேன். அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டேன்.

பிறகு அந்த நிறத்தை இருவரும் சேர்ந்து வார்த்தார்கள். பழுப்பும் கறுப்பும் இல்லை, வெறும் பச்சை. தெளிந்த பிறகும் இறக்காமல், எவ்வளவு நேரம் வேகவிட வேண்டும் என்று பார்த்தார்கள். சூடு காட்டும் கருவி ஒன்றை அண்ணன் வாங்கிவந்தார். கொஞ்சம் விட்டால் மஞ்சளாக நின்றது. அதிகம் விட்டால் கருகியது. தவறுதலாக ஒருமுறை வந்த நிறத்தைத் தெரிந்து வரவழைப்பதற்கு எத்தனை கவனம் வேண்டியிருந்தது! ஒருமுறை வேகவைத்து, தானாக ஆறவிட்டு, மறுபடி உருக்கி ஊற்றியபோது வந்தேவிட்டது. அண்ணி மாஸ்க் கட்டிக்கொண்டு, வெயிலில் இரண்டு மீன்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "வெட்டலாம்," என்றார், கடை ஞாபகத்தில்.

கன்னட நண்பர் அந்த மீன்களை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்தக் கலருக்குப் பேர் என்ன என்று கேட்டார். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். ஆயிரம் நிறங்களுக்குப் பேர் சொல்லும் அண்ணி, "பேரெல்லாம் வேணாம்," என்றார். அன்றிலிருந்து நண்பர் போன் செய்தால், "குரு, 'அதே' பத்து பீஸ்" என்பார்.

இப்போது நான் பொம்மசந்திராப் பக்கமே கணவரோடு குடியிருக்கிறேன். அண்ணனும் அண்ணியும் அதே வீட்டில்தான். அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. இன்னும் மீன் வார்க்கிறார்கள். ஒவ்வொரு ஈடு எடுக்கும்போதும் சண்டை போடுகிறார்கள். சென்ற முறை போயிருந்தபோது வானம் மூடிக்கிடந்தது. வெயில் வராமல் நிறம் பார்க்க விடமாட்டேன் என்று அண்ணி சொல்லிவிட்டதால், மூவரும் மாடியில் டீயோடு உட்கார்ந்திருந்தோம். மெல்லிய தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. கீழே சந்தில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனார்கள். அண்ணன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்திருந்தா இந்த வருசம் ஒண்ணாங்கிளாஸ்," என்றார்.

அண்ணி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, அவர் பக்கத்தில் போய்க் கீழே எட்டிப் பார்த்தார்.

"உங்கள மாதிரி சுருட்ட முடியா இருந்திருக்கும். காலையில சட பின்னுறதுக்குள்ள என் உயிரு போயிருக்கும்."

"பொண்ணுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

"ஆமா."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "சரி," என்றார். "பொண்ணுதான்."