பச்சைக் கொடி வலை

"பச்சைச் சிலுவை தெரியுதா? அதையே பாருங்க, இமைக்காதீங்க," என்றார் விழித்திரையை ஸ்கேன் எடுக்கும் பெண்.

தாடையை மெஷினில் பொருத்திக்கொண்டே, "சிலுவை தெரியுது. பச்சையான்னு நீங்கதான் சொல்லணும்," என்றேன்.

பிறந்ததிலிருந்து எனக்கு நிறம் தெரியாது. வெயிலில் கண் கூசி, எதிரே வருபவர் முகம்கூட வெளுத்துப்போகும். பொழுது சாய்ந்தால் பரவாயில்லை. அம்மா இருந்தவரை பொன்னாங்கண்ணிக் கீரையாகவே ஆக்கிப் போட்டாள். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர்கள் எல்லாரும் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். காரைக்காலில் ஓர் அலுவலகத்தில், கம்ப்யூட்டர் எழுத்தை யானை சைசுக்குப் பெரிதாக்கிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறேன்.

அண்ணனுக்கும் இதே கண்தான். நாங்கள் கடலுக்குப் போகிற குடும்பம். வலை கிடக்கிற இடம் தெரிய மிதவையில் கொடி கட்டுவார்கள், வீட்டுக்கு ஒரு நிறம். எங்களுடையது சிவப்பு. அப்பா காய்ச்சலில் படுத்த ஒரு நாள், அண்ணன் படகை எடுத்துப் போனான். கூட வந்தவர் இஞ்சினைப் பார்த்துக்கொள்ள, வெயில் ஏறிய நேரத்தில் இவன் பச்சைக் கொடி வலையை இழுத்துவிட்டான். அடுத்தவர் வலையில் கை வைப்பது எங்கள் கரையில் லேசான குற்றமில்லை. ஊர்ப் பஞ்சாயத்து கூடியது.

"நெறம் தெரியலங்க," என்றான் அண்ணன்.

அப்பாவுக்கு மானம் போன கோபம். "பொழுது சாஞ்சா கரையில ஓடுறவனுக்கு, பகல்ல கொடி தெரியாதாம். நடிக்கிறான்யா!" என்றார். அண்ணன் ஊர் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்டான்.

நான் கோயில் மதிலோரம் பெண்களோடு நின்றிருந்தேன். எனக்கும் நிறம் தெரியாது என்று, வீட்டில்கூடச் சொல்லாததை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்போது எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்த மகாராசன் அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் அந்த வாரமே மங்களூருக்குப் போய் ஐஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். வெயில் படாத வேலை. அம்மா சாவுக்கு வந்தான், காரியம் முடிந்ததும் போனான். போன் செய்தால் எடுப்பதில்லை. பொழுது சாயும்போதுதான் அவன் ஞாபகம் படுத்தி எடுக்கிறது. அந்த ஒரு நேரத்தில்தான் நாங்கள் இருவரும் கண்ணைச் சுருக்காமல் கரையில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைக் கிண்டல் செய்வோம். அவன் வேண்டும் எனக்கு, அவ்வளவுதான்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார். அடுக்கடுக்காகக் கோடுகள். நடுவில் ஒரு கோடு மட்டும் அறுந்து, கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தது.

"பகல் பார்வைக்கும் நிறத்துக்கும் உண்டான செல்கள் இருக்கிற இடம் இது. பிறவிக் கோளாறு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அப்பா அம்மா சொந்தமா?"

"அப்பாவுக்கு அம்மா அத்தை மகள்."

"கூடப் பிறந்தவங்களுக்கு இருக்கா?"

"எங்க அண்ணனுக்கு இருக்குங்க."

அன்றைக்குச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். ஆனால் கேட்க வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை.

"அவரையும் அழைச்சிட்டு வாங்க. ரெண்டு பேர் படத்தையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால் எந்த வகைன்னு உறுதியாகும்," என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விவரத்தைச் சொல்லிப் படத்தை நீட்டினேன். காலியான இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.

நான் போனைக் கையில் எடுத்தேன்.

படத்தை வாட்ஸ்அப்பில் அண்ணனுக்கு அனுப்பினேன். கறுப்பு வெள்ளைப் படம். ஊர் எப்படிப் பார்க்குமோ அப்படியே அவனும் பார்க்கலாம். கூடவே குரலும் பதிந்து அனுப்பினேன்: "அண்ணே, நீ நடிக்கல. எனக்கும் இதேதான். தெரிஞ்சும் வாயைத் தொறக்கல. வாண்ணே."

பார்த்துவிட்டால் டிக் நீலமாக மாறுமாம். எனக்கு ஏது நீலம்? தினமும் சாயங்காலம் அப்பாவிடம் போனை நீட்டுவேன். "இன்னும் இல்ல," என்பார்.

நேற்று வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"நீலமாயிருச்சும்மா. பாத்துட்டான்," என்றார்.

நிஜமாகவே நீலமா, இல்லை எனக்காக அப்பா நடிக்கிறாரா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் காட்டிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.