பன்னிரண்டாம் நிலையின் பிளவு

செல்வமேரி பொழிச்சலூரில் ஒரு அடுக்குமாடியில் படிக்கட்டு கூட்டுபவள். தவக்காலம் நெருங்கினால், யாரும் கேட்காமலே எங்கள் குன்றின் சிலுவைப்பாதையைச் சுத்தம் செய்வதும் அவள்தான். பங்குப் பேரவையின் பெரிய மனிதர்களான நாங்கள் கீழே கூட்டம் போட்டுக் காபி குடிப்போம்.

ஒரு பெரிய வெள்ளியன்று வெறுங்காலோடு ஏறிய பெண்பிள்ளையைத் தேள் கொட்டிவிட்டது. அது முதல், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பதினான்கு நிலைகளின் பாறைப் பிளவுகளிலும் ஃபினாயிலும் பூச்சிமருந்தும் கலந்து ஊற்றினாள். தள்ளாடி வெளியே வருவதையெல்லாம் முறத்தில் அள்ளிக் கொட்டினாள். ஒன்பது வருஷம்.

போன வருஷம் தேவதர்ஷினி என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். குன்றின் மறுபக்கத்தைக் கல்குவாரி எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. மிச்சம் எங்கள் சரிவுதான். செல்வமேரியிடம் செல்போனில் ஒரு பல்லியின் படத்தைக் காட்டினாள். கட்டைவிரல் நீளம், முதுகெல்லாம் கறுப்புப் புள்ளி.

"இந்தக் குன்றை விட்டா உலகத்துலயே வேற எங்கயும் இல்லக்கா. நீங்க பார்த்திருக்கீங்களா?"

செல்வமேரி படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "பாத்துகீறேம்மா. மொறத்துல அள்ளிகீறேன்."

அதன் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம் வந்து, "வூட்ல மொறத்த எடுத்தாலே சின்னக் காலுங்க பிராண்டுற சத்தம் கேக்குதுண்ணா" என்றாள். "பேஜார் பண்ணாத மேரி, போய் வேலையப் பாரு" என்று விரட்டினேன். அந்த வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

தேவதர்ஷினி பல நாள் தேடினாள். பன்னிரண்டாம் நிலைப் பிளவில் மட்டும் ஒரே ஒரு பல்லி, வயிற்றில் முட்டையோடு. பரீட்சை முடிந்து வருவதாகச் சொல்லி, அதைச் செல்வமேரியிடம் ஒப்படைத்துப் போனாள். எந்தப் பிளவு என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்லை.

இந்தத் தவக்காலத்தில் மருந்து ஊற்ற மாட்டேன் என்று செல்வமேரி கூட்டத்தில் எழுந்து சொன்னாள். எனக்குக் கோபம். ஒரு பல்லிக்காக இத்தனை ஜனங்கள் தேளை மிதிக்க வேண்டுமா? அவள் வேலைக்குப் போன நேரம் நானே மருந்துக் கேனையும் முறத்தையும் தூக்கிக்கொண்டு ஏறினேன். பன்னிரண்டாம் நிலையில் முறத்தில் விழுந்த பல்லிக்கு வயிறு பெருத்திருந்தது. அந்தப் பிளவு எதுவென்று அப்போதுதான் புரிந்தது.

ஈஸ்டர் போய்விட்டது. செல்வமேரி தினமும் வேலை முடிந்து வந்து அந்தப் பிளவின் முன் உட்காருகிறாள். நேற்று மாலை நானும் போய் நின்றேன்.

"ஃபினாயில் வாசனை இன்னும் கீதுண்ணா," என்றாள். "அத்தினி வருசம் நான் ஊத்துனதாச்சே. அதான் அது வெளிய வர பயப்படுது."

"ஆமாம் மேரி," என்றேன்.