நர்ஸின் முகவரி கேட்டு வந்தவர்

மருத்துவமனை அலுவலகத்தின் பதிவறையில் பதினேழு இரும்பு பீரோக்கள். அவற்றோடு இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியதால் அங்கே குமாஸ்தாவான அவளுக்குப் பீரோ அக்கா, சுருக்கமாகப் பீரோக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்பா பணியில் இருக்கும்போதே இறந்ததால் பத்தொன்பது வயதில் கிடைத்த வேலை அது. கட்டிய புருஷன் குடித்துவிட்டு அடித்தான். மூன்றாம் வருஷம் ஒருநாள் சூடான இஸ்திரிப் பெட்டியை அவன் முகத்துக்கு நேரே தூக்கினாள். அன்று வீட்டை விட்டுப் போனவன் போனவன்தான்.

ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பணிப்பதிவேடு உண்டு. யாருக்கு எங்கே மச்சம், யார் எத்தனை நாள் லீவு, யார் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் வெளியே மூச்சு விடமாட்டாள்.

அன்று காலை பதினொரு மணிக்கு சூப்பிரண்டு ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

"சாருக்கு ஒரு நர்ஸோட அட்ரஸ் வேணுமாம். ஏதோ விசாரணை. சட்டுனு பாத்துக் குடுத்துடும்மா."

இன்ஸ்பெக்டர் நீட்டிய கடிதத்தில் முத்திரை, அவருடைய கையெழுத்து எல்லாம் இருந்தன. போன மாதம்தான் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன நர்ஸ் அவள்; பதிவேடு இன்னும் அங்கே அனுப்பப்படவில்லை. எந்தப் பதிவேட்டையும் கொடுக்கும் முன் பக்கம் குறைகிறதா என்று எண்ணிப் பார்ப்பது பீரோக்காவின் வழக்கம். எண்ணினாள். ஆறாம் பக்கத்தில் நின்றாள். நர்ஸ் இறந்தால் பணம் பெற வேண்டியவராகக் கணவர் பெயர் எழுதியிருந்தது. அந்தப் பெயரைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். அடித்த பெயரும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரின் பெயரும் ஒன்றாக இருந்தன. அடுத்த பக்கம் லீவுக் கணக்கு. விலா எலும்பு முறிவு, முப்பது நாள். தாடை எலும்பு முறிவு, நாற்பது நாள்.

"நீங்க அவளுக்கு என்ன வேணும் சார்?"

"போலீஸ்னு தெரியலையா?"

"தெரியுது. புருஷனான்னு கேட்டேன்."

"குடும்ப விஷயம் நமக்கெதுக்கும்மா?" என்று சூப்பிரண்டு முனகினார்.

"தாடைய ஒடச்சிருக்கான் சார். லீவுக்கு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

சொல்லி முடிக்கும் முன் கன்னத்தில் விழுந்தது இன்ஸ்பெக்டரின் அறை. காது ஙொய்யென்றது. பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பீரோவில் சாய்ந்தாள். அவன் அவளுடைய இடது கையைப் பிடித்துப் பீரோக் கதவிடுக்கில் வைத்துக் கதவை அறைந்தான். விரலெலும்பு முறியும் சத்தம் சூப்பிரண்டுக்கே கேட்டது. அலறியபடியே அவன் மணிக்கட்டைக் கடித்தாள். வாயெல்லாம் ரத்தம். யாருடையது என்று தெரியவில்லை.

"என் பொண்டாட்டி அட்ரஸ மறைக்க நீ யாருடி?"

பூட்ஸ் காலால் வயிற்றில் மிதித்தான். இரண்டு முறை. அவள் சுருண்டாளே தவிர பிடியை விடவில்லை. மூன்றாம் முறை காலைத் தூக்கியபோது சூப்பிரண்டு கத்தினார்.

"விட்டுடுங்க சார், செத்துடுவா! நான் சொல்றேன்!"

மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் அவர்; புது விலாசம் எழுதி நர்ஸ் அனுப்பிய கடிதமும் அவர் கை வழியாகத்தான் வந்தது. ஊர், தெரு, வீட்டு எண், ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். அவன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

சூப்பிரண்டு தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்தார். "உன்னைக் காப்பாத்தத்தாம்மா..."

பீரோக்கா ஒரு பல்லைத் துப்பினாள். "எவ்வளவு நேரத்துல போய்ச் சேருவான்?"

"மூணு மணி நேரம் ஆகும்."

"போனைக் குடுங்க."

பதிவேட்டில் இருந்த நர்ஸின் போன் எண்ணின் மேல் ரத்தம் வழிந்திருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு வலது கையால் அழுத்தினாள்.

"யாரு பேசறது?"

"உன் பதிவேட்டை வச்சிருக்கவ. உன் புருஷன் அங்க வந்துட்டிருக்கான். வீட்டுப் பக்கம் போகாத."

"புள்ள ஸ்கூல்ல இருக்குக்கா."

"மொதல்ல அதைக் கூட்டிக்க. துணிமணியெல்லாம் கெடக்கட்டும். கெடைக்கிற பஸ்ஸுல ஏறு."

"எங்கக்கா போறது? எனக்கு யாருமே..."

பீரோக்கா சூப்பிரண்டைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கேயாவது போ, கண்ணு. எங்கன்னு யார்கிட்டயும் சொல்லாத. என்கிட்டயும் சொல்லாத."